பழைய அளவுச் சம்சுவே தாத்தாவை ஏன் இப்போது சாய்க்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்தில் இருக்கும் உங்கள் தாத்தா, எழுபதைத் தாண்டியவர், சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை வழக்கமான அளவுதான் குடிக்கிறார். இப்போது மட்டும் ஏன் விழுகிறார், சம்சுவை உடனே நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவு மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறையும். அதே கிளாஸ் போதையைக் கூட்டும். அப்புறம் மாத்திரைகள். இனிப்புநீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, கிளிக்லசைடு மாத்திரை போடுகிறவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அடியோடு இறங்கலாம். வியர்த்து, உளறி, சுருண்டு கிடப்பார். வீட்டில் ‘போதைதான், தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

தினமும் குடிப்பவர் என்றால் பாட்டிலை ஒளித்துவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் வரலாம். மாத்திரைப் பையோடு அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போய், குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.