ஆறு வயதில் வரும் மகள்

வணக்கம் மேடம்.

திருமணமாகி ரொம்ப வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. சிகிச்சைகளை நிறுத்திவிட்டு, தத்தெடுப்பதற்கான மத்திய அமைப்பான ‘காரா’வில் பதிவு செய்தோம். அப்போது எனக்கு 44 வயது, கணவருக்கு 47. இருவர் வயதையும் கூட்டினால் 90-ஐத் தாண்டுவதால், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைதான் கிடைக்கும் என்றார்கள். மனசு கைக்குழந்தையையே நினைத்திருந்தது. ஆனாலும் சரி என்றோம். இப்போது ஆறு வயதுப் பெண் குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் நேரில் பார்த்துச் சம்மதமும் சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் வருகிறாள்.

தனி அறை, புதுக் கட்டில் எல்லாம் தயார். முதல் ஞாயிறே சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து, புதுப் பெயர் சூட்டணும் என்கிறார் மாமியார். “அங்க போட்டிருந்த துணியெல்லாம் அங்கயே இருக்கட்டும். பழசு எதுவும் ஞாபகம் வரக் கூடாது” என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அவள் பழசை மறந்து எங்களோடு ஒட்டிக்கொள்ள நான் என்ன செய்யணும்? என்னை அம்மா என்று கூப்பிடுவாளா?

- வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

மகள் வரப்போகிறாள், மனமார்ந்த வாழ்த்துகள். பழசை மறக்க வைக்க மட்டும் முயலாதீர்கள். சாப்பாடு போட்ட ஆயா, பக்கத்துப் பாயில் படுத்த தோழி என்று அவளுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அவர்களை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

அவளுக்கென்று இருக்கும் சொத்து அந்தப் பெயர்தான், அதை மாற்ற வேண்டாம். இல்லத்துத் துணியில் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி, சில நாள் துவைக்காமல் வைத்திருங்கள். பழகிய வாசனை, தூக்கம் வராத இரவில் கைகொடுக்கும். பலரோடு வரிசையாகப் படுத்துப் பழகிய குழந்தைக்குத் தனி அறை பயத்தைத்தான் தரும். முதலில் உங்கள் அறையிலேயே பாய் விரியுங்கள். விருந்து சில மாதம் பொறுக்கட்டும். மாமியாரின் ஆசையைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. தினமும் ஒரே நேரத்தில் தலை பின்னிவிடும் வேலையை அவரிடம் கொடுங்கள், பாட்டி உறவு அதில் தானாக வளரும்.

தலையணைக்கு அடியில் பாதி இட்லியோ பிஸ்கட்டோ கிடைக்கலாம். திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம் அது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் தின்பண்டம் வைத்து, “இது உன்னோடது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ” என்று சொல்லுங்கள்.

முதல் சில வாரம் சொன்ன பேச்சைக் கேட்டு அடக்கமாக இருப்பாள். அப்புறம் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, “நான் ஆயாகிட்டயே போறேன்” என்று கத்தலாம். இந்தக் கட்டத்தில்தான் பல அம்மாக்கள் உடைந்துபோய் என்னிடம் வருகிறார்கள். அவள் உங்களை வெறுத்துவிடவில்லை. இவ்வளவு செய்தாலும் வைத்துக்கொள்வார்களா என்று சோதித்துப் பார்க்கிறாள். “ஆயா ஞாபகம் வருதா? அவங்களைப் பத்திச் சொல்லேன்” என்று பக்கத்தில் உட்காருங்கள். “நீ இங்கதான் இருப்ப” என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு கோபம் வந்தாலும், விளையாட்டுக்குக்கூட “திரும்பக் கொண்டுபோய் விட்டுருவேன்” என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது.

அம்மா என்று கூப்பிடுவதை அவளுக்கே விட்டுவிடுங்கள். சில குழந்தைகள் மாதக்கணக்கில் ஆன்ட்டி என்றே கூப்பிடுவார்கள், அது உங்களை மறுப்பதாகாது. ஐந்து வயதுக்கு மேல் என்பதால் அவளிடமும் சம்மதம் கேட்டிருப்பார்கள். ஆனால் எதற்குச் சரி சொன்னோம் என்று ஆறு வயதில் முழுசாகப் புரிந்திருக்காது, நாளாகும்.

தத்து கொடுத்த பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். பரீட்சைபோல நினைத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். சிரமத்தைச் சொன்னால்தான் அவரால் உதவ முடியும்.

இந்த வாரமே இல்லத்துக்கு போன் போட்டு அந்த ஆயாவிடம் பேசுங்கள். அவளை என்ன செல்லப் பெயரில் கூப்பிடுவார், எத்தனை மணிக்குத் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள், காய்ச்சல் வந்தால் என்ன கேட்பாள் என்று எழுதி வையுங்கள். வந்தபிறகு அவ்வப்போது ஆயாவோடு போனில் பேச வைக்கலாமா என்று இல்லத்தில் கேளுங்கள்.