கழற்றியதும் மீந்ததும்

வணக்கம் ஐயா,

நான் ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அப்பாவின் 1998ஆம் வருட மாருதி 800 எங்கள் வீட்டு வாசலில் ஓடாமல் நிற்கிறது. இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். கூரையை அறுத்தெடுத்து, அதை இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக வீட்டிலேயே மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. இத்தாலியக் கார் போன்ற ஃபைபர் உடலைச் செய்து தர ஒருவர் இருக்கிறார். என் கேள்வி இதுதான்: இருக்கும் எஞ்சினுக்கு டர்போ வைக்கலாமா, அல்லது எஸ்டீம் காரின் 1300 சிசி எஞ்சினை மாற்றிவிடலாமா? இன்னொன்று, நம் ஊரில் கையால் வேலை செய்பவனுக்கு மரியாதை இல்லாததால்தான் இங்கே யாரும் இப்படிக் கார் செய்யவில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் கோவை பீளமேட்டில் அத்தை வீட்டில் இருந்தேன். பரணைச் சுத்தம் செய்தபோது மாமாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, மண்டிக்கடைகளில் பேரேடு எழுதும் நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் ‘பின் இருக்கை, 11 கிலோ 400’. அடுத்த வரி ‘பின் கண்ணாடி ரப்பரோடு, 6 கிலோ’. அப்படியே பதினான்கு பக்கங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்ததைத்தான் உங்கள் கடிதம் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

சில விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். டர்போ வேண்டாம். கார்புரேட்டர் வைத்த, இருபத்தைந்து வருடம் ஓடிக் களைத்த எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும், பிறகு பிஸ்டன் போகும். எஸ்டீம் எஞ்சின் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை. ஃபைபர் உடல் கூடவே கூடாது. இன்னொருவர் வரைந்த முகத்தை உங்கள் வண்டிக்கு ஒட்டுவதற்கா டிப்ளமோ படித்தீர்கள்?

மரியாதை இல்லாததால் யாரும் செய்யவில்லை என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். உங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் கோவை இருக்கிறது. அங்கே கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். உங்கள் வாசலில் நிற்கிறதே, அதே மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக 1980களின் இறுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். நாராயண் கார்த்திகேயன் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு முறையாவது போய்ப் பார்த்தீர்களா? யாரும் செய்யவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் பக்கத்து மாவட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்க வேண்டாமா?

போகட்டும். மாமாவிடம் வருகிறேன்.

மாமா ஒரு பம்ப் தொழிற்சாலையில் டர்னர். 1979இல், எனக்குப் பதினொரு வயதில், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். ஹெரால்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னையில் செய்த கார். அதன் பானெட் முன்பக்கம் முழுவதையும் தூக்கிக்கொண்டு முன்னோக்கித் திறக்கும். டயர் மீது உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். அதற்குத் தனி சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், உண்டு. உடல் துண்டுதுண்டாக போல்ட் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகும், சேசிஸும் எஞ்சினும் சக்கரங்களும் மட்டுமாக அது ஓடும். மாமா அப்படித்தான் முதல்நாள் ஓட்டினார், ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து. அத்தை வாசலில் நின்று சத்தம் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். சிக்கன வண்டியிலிருந்து வேக வண்டி பிறப்பது உலகம் முழுக்க நடந்ததுதான். காலின் சாப்மன் 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்துத்தான் தொடங்கினார். லண்டனில் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் செய்த அந்த வண்டிதான் முதல் லோட்டஸ். அதே ஆண்டு ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற ஊரில், ஃபோக்ஸ்வாகனின் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டு முதல் போர்ஷே 356 உருவானது. 35 குதிரைத்திறன்தான். 600 கிலோகூட எடையில்லை.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தராசு. பருத்தி மண்டியில் வேலை பார்த்த நண்பரிடம் ஒரு தராசை இரவல் வாங்கி வந்து கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டார். கழற்றியது ஒவ்வொன்றும் அந்தத் தராசில் ஏறி இறங்கித்தான் மூலைக்குப் போகும். எடையை அவர் சொல்ல நான் எழுதுவேன். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் இயந்திரம், தரையில் ஒட்டியிருந்த தார் அட்டை. அந்த அட்டையை உளியால் சுரண்டி எடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மணல் மூட்டையின்மேல் அலுமினியத் தகட்டை வைத்து, புளியமரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிப் புது உடலைச் செய்தார். புதிதாக ஏறியதையும் நிறுத்து எழுதினோம். கணக்கை முடித்தபோது வண்டி 180 கிலோ குறைந்திருந்தது. எஞ்சினில் அவர் பிளக்கைத் துடைத்ததற்கு மேல் எதுவும் செய்யவில்லை. ஆனால் வண்டி பறந்தது.

எடை குறைவதன் பலன் என்ன என்று உங்கள் வண்டியை வைத்தே சொல்கிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாருதி ஏறக்குறைய 650 கிலோ, எஞ்சின் 39 குதிரைத்திறன். அதாவது ஒரு டன்னுக்கு 60. அதிலிருந்து 150 கிலோவைக் கழற்றுங்கள், டன்னுக்கு 78 ஆகிவிடும். எடையைத் தொடாமல் அதே 78ஐ எட்ட வேண்டுமானால் எஞ்சின் 51 குதிரைத்திறன் தர வேண்டும். அந்த 12 குதிரைகளுக்காக நீங்கள் கடன் வாங்கப் போகிறீர்கள். ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் அவை இலவசம். எஞ்சினைப் பெருக்கினால் வண்டி நேர்ச்சாலையில் மட்டும்தான் வேகமாகும். எடையைக் குறைத்தால் கிளம்புவதும் திரும்புவதும் நிற்பதும் எல்லாமே மேம்படும். பிரேக்கை யோசித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்கும் சூட்டைப் போல இரண்டு மடங்கை, 85இல் போகும் வண்டியை நிறுத்தும்போது அது விழுங்க வேண்டும். 12 அங்குலச் சக்கரத்துக்குள் இருக்கும் அந்தச் சிறிய பிரேக் அதற்கு எங்கே போகும்?

ஆனால் எடையைக் குறைத்தால் மட்டும் போதும் என்று மாமாவும் நினைத்தார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே படுத்த ஒரே வில்தான், இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங், இரண்டையும் தாங்கும். முழு உடலும் நான்கு ஆட்களும் ஏறினாலும் தாங்கும்படி கணக்கிட்ட வில் அது. மாமா பாரத்தை இறக்கிவிட்டார். வில்லைத் தொடவில்லை. பாரம் போனதும் வில் நிமிர்ந்தது, வண்டியின் பின்பக்கம் உயர்ந்தது. சக்கரங்கள் மேலே அகன்று, கீழே உள்வாங்கி நின்றன. பின்னால் நின்று பார்த்தால் குழந்தை வரைந்த ஆங்கில ‘V’ போல் சாய்ந்திருக்கும். ‘பந்தய வண்டி என்றால் பின்னால் தூக்கித்தான் இருக்கும்’ என்றார் மாமா. நானும் நம்பினேன்.

தொண்டாமுத்தூர் சாலையில் ஒரு வளைவு. நான் பக்கத்து இருக்கையில். வேகம் அதிகம் என்று தோன்றியதும் மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான் செய்தார். பின்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் எழுந்தது. வெளிப்பக்கச் சக்கரம் கணுக்கால் பிசகியதுபோல் உள்ளே மடங்கியது. வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் போய் விழுந்தது. கரும்புதான் எங்களைக் காப்பாற்றியது. மாமாவுக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்தது. என் முகவாயில் ஏழு தையல். இப்போதும் சவரம் செய்யும்போது அந்தத் தழும்பில் கத்தி தட்டும்.

காரைச் செய்தவர்கள் மேல் பழி இல்லை. அவர்கள் கணக்கிட்ட எடையில் அந்த வில் சரியாகத்தான் இருந்தது. கணக்கை மாற்றியவர் மாமா.

கையில் கட்டோடு இரண்டு மாதம் கொட்டகையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னை அழைத்து, பருத்திக்கொட்டை மூட்டையைப் பின்பக்கம் ஏற்றச் சொன்னார். ஒரு மூட்டை. பிறகு அரை மூட்டை. பிறகு படி படியாக. அவர் தரையில் படுத்து, நூலில் கட்டிய ஒரு போல்ட்டைச் சக்கரத்தின் அருகே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கரம் நூலுக்கு நேராக நின்றதும் ‘போதும்’ என்றார். ஏற்றியதை நிறுத்தோம். 64 கிலோ. நோட்டில் அந்த எண்ணை மட்டும் அவரே இடதுகையால் எழுதியிருக்கிறார், கோணல் எழுத்தில். அதற்குப் பிறகு வில்லைக் கழற்றி, ஒரு பட்டையை எடுத்தார். போதவில்லை. இன்னொன்றை எடுத்தார். மூட்டை இல்லாமலே சக்கரம் நேராக நின்றது. ‘கழற்றியதை எல்லாம் எழுதினோம், மீந்ததை ஒருநாளும் பார்க்கவில்லையே தம்பி’ என்றார். ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்களும் இந்தப் பின்வில்லோடு பல வருடங்கள் மல்லுக்கட்டி, 1970இல்தான் அதன் பட்டைகளை அசையவிட்டுத் தீர்வு கண்டார்கள் என்று நான் பின்னால் படித்தேன். மாமாவிடம் சொல்ல அவர் அப்போது இல்லை.

இப்போது உங்கள் கூரைக்கு வருகிறேன். அறுத்துவிட்டீர்களா? இல்லை என்றால் வாளைக் கீழே வையுங்கள். மாருதிக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, தூண்கள், கூரை, கதவுச் சட்டம் எல்லாம் சேர்ந்த தகரப்பெட்டிதான் அதன் எலும்பு. மூடியை அறுத்த தீப்பெட்டியின் இரு முனைகளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள், புரியும். உங்கள் வண்டியிலும் பார்க்கலாம். முன்பக்க மூலை ஒன்றில் மட்டும் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விடும் வரை தூக்குங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். இப்போது மூடும். கூரையை அறுத்த பிறகு இதையே செய்தால் கதவு சட்டத்தில் உரசும், அல்லது மூடவே மூடாது. அப்படிப்பட்ட வண்டியில் எந்த வில்லும் எந்த டயரும் தன் வேலையைச் செய்யாது. திறந்த வண்டிதான் வேண்டும் என்றால், இரும்புக் குழாயில் தனிச் சட்டம் கட்டி, மாருதியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தெடுத்து இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். கரிவரதன் செய்தது அதுதான். வெல்டிங்கை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு செய்யுங்கள். மேலே மீன்செதில் போல் அழகாக அடுக்கியிருக்கும் பற்று, உள்ளே உருகிப் பிடிக்காமல் இருக்கும். சுத்தியலால் அடித்தால் பெயர்ந்து வரும். பத்துத் துண்டுகளைப் பற்றவைத்து, பத்தையும் வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். பற்று விட்டால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. பற்றுக்குப் பக்கத்தில் இரும்பு கிழிந்தால் தொடங்கலாம்.

பொதுச்சாலையில் அதை ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தடத்திலோ சொந்த நிலத்திலோ ஓட்டுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். அந்தக் கார் வாசலுக்கு வந்த நாளை அவரிடம் கேளுங்கள். அவர் சம்மதிக்காமல் அதில் ஒரு திருகாணியையும் தொடாதீர்கள். தேவைப்பட்டால் இரும்புக்கடையில் இன்னொரு மாருதியை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த கடிதத்தில் எஞ்சின் பேச்சு வேண்டாம். உங்கள் ஊரில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை, முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை. மூன்று சீட்டுகளையும் எனக்கு அனுப்புங்கள். மாமாவின் நோட்டிலிருந்து அந்த 64 கிலோ பக்கத்தைப் படமெடுத்து நான் உங்களுக்கு அனுப்புகிறேன். அத்தை சம்மதித்துவிட்டார்.