‘சிவா’: பாடல்களுக்கு அப்பால்

அன்புள்ள ஐயா,

2025 நவம்பரில் ‘சிவா’ தெலுங்குப் படம் புதிய ஒலியமைப்போடு மீண்டும் வெளியானபோது தியேட்டரில் பார்த்தேன். என் அப்பா காலத்துப் படம். தமிழில் ‘உதயம்’ என்று வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். படம் பிடித்தது. ஆனால் அதன் இசையை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று விளங்கவில்லை. அதே 1989இல், அதே இளையராஜா, அதே நாகார்ஜுனாவுக்கு ‘கீதாஞ்சலி’ செய்திருக்கிறார். அந்தப் பாடல்களுக்கு முன்னால் ‘சிவா’ பாடல்கள் நிற்குமா? ஒன்றிரண்டைத் தவிர மற்றவை நினைவில்கூட இல்லை. இது வெறும் பழைய பாசம்தானா?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

பாடல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ‘கீதாஞ்சலி’யின் பாடல்கள் வேறு உயரம். ‘சிவா’வுக்கு வேட்டூரியும் சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரியும் எழுதினார்கள். பாட்டனி வகுப்பா, மேட்னி ஷோவா என்று மாணவர்கள் கேட்டுக்கொள்ளும் பாட்டு ஆந்திரக் கல்லூரிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. மற்றவை கதையின் ஓட்டத்தில் வந்து போகிறவை. இயக்குநர் ராம்கோபால் வர்மாவுக்கு இது முதல் படம். பாட்டு வேண்டும் என்கிற அந்தக் காலத்து வியாபாரக் கட்டாயத்துக்கு அவர் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். அவருடைய மனம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடம் ரீரெக்கார்டிங், அதாவது காட்சிகளுக்கான பின்னணி இசை. இந்தப் படத்தின் இசைப் பாரம்பரியம் என்று நான் சொல்வது அதைத்தான்.

வர்மா விஜயவாடாவில் பொறியியல் படித்தவர். அந்த ஊரின் மாணவர் அரசியலையும் அடிதடிக் கும்பல்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் எடுத்த வன்முறைக்கு வசன முழக்கம் கிடையாது. ரகுவரன் நடித்த வில்லன் பவானி குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறான். எஸ். கோபால் ரெட்டியின் கேமரா, நடந்தபடி எடுத்தாலும் படம் குலுங்காமல் காக்கும், தெலுங்குக்கு அன்று புதிதான ஸ்டெடிகேமில், ஆட்களின் பின்னாலேயே நடக்கிறது. அதுவரையிலான தெலுங்கு ஆக்‌ஷன் படங்களில் இசையின் வேலை அடிக்கு அடி தாளம் போடுவதும் கதாநாயகன் வந்துவிட்டான் என்று அறிவிப்பதும்தான். அந்த இசையை இந்தப் படத்தின் மேல் வைத்திருந்தால் படம் செத்திருக்கும்.

ராஜா செய்தது வேறு. அடி விழுவதற்கு முன்னால் இருக்கும் அச்சத்தை அவர் எழுதினார். சிவா அண்ணன் மகளைச் சைக்கிளில் வைத்து ஓட்டிவர, குண்டர்கள் துரத்தும் காட்சியை மறுபடி பாருங்கள். அங்கே இசை அவன் வீரத்தைப் பாடுவதில்லை. அந்தக் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்கிற பதைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. சைக்கிள் சங்கிலியை அறுத்து எடுக்கும் காட்சியில், சங்கிலியின் ஓசையையும் இசையையும் பிரித்து நினைவுகூர முடிகிறதா? என்னால் முடியவில்லை. பவானி பேசும் இடங்கள் பலவற்றில் இசை ஒதுங்கி நின்று அவன் மெல்லிய குரலுக்கு வழிவிடுகிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவரின் வேலை இது.

இது எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் நினைக்க வேண்டும். படம் ஹைதராபாதில் உருவானது, ஆனால் தெலுங்குப் படங்களின் இசை வேலை அன்று பெரும்பாலும் சென்னையில்தான். ராஜா சாலிகிராமத்தில் பிரசாத் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ரீல் ரீலாகப் பார்ப்பார். ஆயிரம் அடி ரீல் என்றால் ஏறக்குறைய 11 நிமிடம். பார்த்து முடித்ததும் வாத்தியம் எதையும் தொடாமல் நேராகத் தாளில் நோட்ஸ் எழுதுவார். அதைப் பிரதியெடுத்துக் கலைஞர்களிடம் கொடுத்தால், திரையில் படம் ஓட ஓட வாசித்துப் பதிவு. அப்போது படத்தின் ஒலி மோனோ. வசனம், ஓசை, இசை மூன்றும் ஒரே தடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். இசை கொஞ்சம் மீறினால் வசனம் போய்விடும். அந்த நெருக்கடியிலும் இந்தப் படத்தின் அடித்தள பேஸ் ஒலி தெளிவாகக் கேட்கிறது என்றால் அது எழுதப்பட்ட விதத்தால்.

‘உதயம்’ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கிறது. தமிழுக்கு வந்தபோது வசனம் மாறியது, பாட்டு வரிகள் உதட்டசைவுக்காக வளைந்தன. பின்னணி இசை மட்டும் ஒரு மூச்சுகூட இழக்காமல் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் படம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். 1990இல் இந்தியிலும் ‘சிவா’வாக எடுத்தார்கள். 2006இல் வர்மா அதே பெயரில் வேறொரு இந்திப் படம் எடுத்தபோது, இசைக்கு மறுபடியும் ராஜாவிடமே வந்தார்.

வர்மாவின் பிற்காலப் படங்களில் இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். 1998இன் ‘சத்யா’வில் பாடல்களுக்கு விஷால் பரத்வாஜ், பின்னணி இசைக்கு சந்தீப் சௌட்டா என்று இரண்டு வேலைகளையும் பிரித்தே கொடுத்தார். சௌட்டாவின் பின்னணி இசை தனித் தொகுப்பாகவும் வெளிவந்தது. ஒரு குற்றப்படத்தில் பின்னணி இசையும் பாடல்களுக்குச் சமமான தனிக் கலை என்கிற அந்த எண்ணம் ‘சிவா’வில் விழுந்த விதை.

நீங்கள் தியேட்டரில் கேட்டுவந்த புதிய ஒலியமைப்பு பற்றி. மோனோவிலிருந்து, சுற்றிலுமிருந்து ஒலி வரும் டால்பி அட்மாஸுக்கு மாற்றியதை நான் வரவேற்கிறேன். 1989இல் பிறக்காதவர்கள் இதைத் தியேட்டரில் கேட்க வேறு வழியில்லை. ஆனால் பழைய ‘உதயம்’ வடிவத்தையும் ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். ஒலிகளைச் சுற்றிலும் பரப்பும்போது கூடும் பிரமாண்டம் ஒரு பக்கம். ஒரே தடத்தில் எல்லாம் இறுகி நிற்பதில் வரும் மூச்சுமுட்டல் இன்னொரு பக்கம். அந்த மூச்சுமுட்டல் இந்தக் கதைக்குப் பொருந்துகிறது.

இதுபோன்ற படங்களை மீண்டும் வெளியிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் காலத்து டைட்டில் கார்டுகளில் ‘இசை: இளையராஜா’ என்பதோடு முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் அவருடைய குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரன், கீபோர்டில் விஜி மானுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், கிட்டாரில் சதானந்தம், இன்னும் எத்தனையோ வயலின் கலைஞர்கள். படத்தைப் புதுப்பிக்கச் செலவிடுகிறவர்கள், அதில் வாசித்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அவர்கள் பெயர்களையும் திரையில் போட வேண்டும். உயிரோடிருப்பவர்களிடம் இப்போதே கேட்டுவிட்டால் நல்லது.