பிடி மாறினால் போதும்

தம்பி, அமெரிக்கக் கால்பந்தில் மூன்று ஆட்டத்தில் நான்கு ஃபம்பிள் (கையிலிருக்கும் பந்தை நழுவவிடுவது), கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார், அதனால் டம்பெல் தூக்க ஆரம்பித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பலம் அல்ல, பிடிதான் கோளாறு என்று தோன்றுகிறது. நான்கில் மூன்று, பின்னாலிருந்து வந்தவர் தட்டிவிட்டது என்கிறீர்களே! ஓடும்போது முழங்கை விலாவை விட்டு விலகினால் பந்துக்குப் பின்னால் ஒரு சந்து திறக்கும். குத்து அங்கேதான் விழும்.

பந்தின் முன்முனையை விரல்கள் கவ்வட்டும், பின்முனை முழங்கை மடிப்புக்குள் புதையட்டும். மணிக்கட்டு முழங்கையைவிட உயரத்தில், பந்து நெஞ்சோடு ஒட்டி. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்தோடு ஓடும் டீக்கி பார்பர் 2003-இல் 9 முறை நழுவவிட்டவர். அடுத்த ஆண்டு தலைமைக் கோச்சாகப் பொறுப்பேற்ற டாம் காஃப்லினின் பயிற்சிக் குழு அவர் பிடியை இப்படித்தான் மாற்றியது. 2005-இல் 1,860 யார்டு ஓடினார், ஃபம்பிள் ஒன்றே ஒன்று. அப்போது அவருக்கு வயது 30. உங்களுக்கு 19 தானே.

எதிரணி வீரர்கள் கூட்டத்துக்குள் நுழையும்போது மறு கையையும் பந்தின் மேல் போர்த்துங்கள். அப்புறம், விழும்போது பந்து வைத்திருக்கும் கையைத் தரையில் ஊன்றாதீர்கள். பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது, நண்பர் ஒருவரைப் பின்னாலேயே ஓடிவந்து பந்தைக் குத்தச் சொல்லுங்கள். டம்பெல் அது பாட்டுக்கு இருக்கட்டும்.