நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டவர்

கேள்வி: அம்பயர்களோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தார் ருமேனிய டென்னிஸ் வீரர் இலியே நஸ்டாசே. ஒழுங்காக ஆடியிருந்தால் இன்னும் நிறைய பட்டங்கள் வாங்கியிருப்பார், இல்லையா?

பதில்: அம்பயர் என்று எழுதிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே போய்விட்டது. 1979 அமெரிக்க ஓப்பனில் நஸ்டாசேவுக்கும் அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோவுக்கும் ராத்திரி ஆட்டம். நஸ்டாசேவின் சேட்டை தாங்காமல் அம்பயர் ஃபிராங்க் ஹாமண்ட் முதலில் ஒரு பாயிண்டைப் பிடுங்கினார், அப்புறம் ஒரு கேமை, கடைசியில் ஆட்டத்தையே. கூட்டம் கேன்களை வீசியது. போலீஸ் உள்ளே வந்தது. கடைசியில் வெளியேறியவர் யார்? ஹாமண்ட்! அவரை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சட்டப்படி தீர்ப்புச் சொன்ன அம்பயரையே ஜனங்கள் மாற்றிக் காட்டிய இரவு அது. இதில் பாவம், ஹாமண்ட் பக்கம்தான் நியாயம். ஜெயித்தவரோ மெக்கன்ரோ.

இப்போது விம்பிள்டனில் பந்து எல்லைக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க ஆளே இல்லை. 2025-லிருந்து எல்லாம் மின்னணு. அந்த முதல் வருஷமே ஓர் ஆட்டத்தில் யாரோ தவறுதலாக அதை அணைத்துவிட, பந்து வெளியே விழுந்தும் சத்தமே வரவில்லை. நஸ்டாசே இன்று ஆடினால் யாரைத் திட்டுவார்? சுவிட்சையா?

சரி, உங்கள் கேள்வி. ஒழுங்கீனத்தால் பட்டம் போயிற்று என்பதை நான் ஏற்கவில்லை. 1972-ல் அமெரிக்காவின் ஆர்தர் ஆஷை ஐந்து செட்டில் வென்று அமெரிக்க ஓப்பன் வாங்கினார். 1973-ல் ஒரு செட்கூட இழக்காமல் பிரெஞ்சு ஓப்பன். இறுதியில் எதிராளி நிக்கோலா பிலிச். அந்தப் பிலிச்சுக்கு அவருடைய யூகோஸ்லாவிய டென்னிஸ் சங்கம் தடை விதித்ததற்காகத்தான் சில வாரங்களிலேயே 81 வீரர்கள் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள். நம்மாளோ புறக்கணிக்காமல் போய் ஆடினார், முதல் தரவரிசை கொடுத்தார்கள், நாலாவது சுற்றில் தோற்றார். அதே ஆகஸ்ட்டில் கம்ப்யூட்டர் தரவரிசை முதல்முறையாக வெளிவந்தபோது முதலிடத்தில் இருந்த பெயர் இவருடையது. சேட்டை குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை.

அவரைக் கவிழ்த்தது பயம். 1972 அக்டோபர், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதி, சொந்த ஊர் புக்கரெஸ்ட், சொந்த மண் தரை, கூட்டம் முழுக்க நம் பக்கம், கோடு பார்க்கிறவர்களும் கிட்டத்தட்ட நம் பக்கம். அமெரிக்காவின் ஸ்டான் ஸ்மித்திடம் முதல் செட்டை 9-11 என்று விட்டவர், அடுத்த இரண்டையும் சுலபமாகக் கொடுத்தார். அன்று வம்பு செய்யும் தெம்புகூட அவரிடம் இல்லை. நாடே எதிர்பார்க்கிறது என்றால் சிலருக்குக் கை வராது.

இதனால் அவரைச் செல்லப்பிள்ளையாக்க வேண்டாம். 2017-ல் எழுபது வயதில், பெண்களுக்கான ஃபெட் கோப்பையில் ருமேனிய அணித் தலைவராக உட்கார்ந்துகொண்டு, செரீனாவின் பிறக்காத குழந்தையின் நிறத்தைப் பற்றிப் பேசினார். எதிரணிப் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். தடை விதித்தார்கள். ரொம்பச் சரி. இளம் வயதில் கைதட்டி வளர்த்த வாய் அது. கைதட்டியவர்களில் நானும் உண்டு.

இன்னொன்று. 1975 மாஸ்டர்ஸ் போட்டியில் இவர் இழுத்தடித்த இழுப்பில், முன்னணியில் இருந்த ஆஷ் பொறுமையிழந்து பாதியில் வெளியேறினார். நஸ்டாசே ரோஜாப்பூவோடு போய்ச் சமாதானம் செய்தார். அப்புறம் இறுதியில், சுவீடன்காரர் போர்கை அவர் நாட்டு ஸ்டாக்ஹோமிலேயே 6-2, 6-2, 6-1 என்று வென்றார். போர்க் ஆட்டம் தூக்கம் வரவழைக்கிறது என்று முன்பு நான் எழுதியதற்கு இன்றும் கடிதம் போடும் அன்பர்களுக்கு இந்த ஸ்கோரைச் சமர்ப்பிக்கிறேன். போர்க் இவரை வென்ற மறுவருஷ விம்பிள்டன் இறுதியை எழுதி அனுப்புவீர்கள் என்று தெரியும். தபால் செலவு உங்களுடையது.