மலைச்சாலையில் காதோடு ஒரு வழிகாட்டி

கேள்வி: ஜூலையில் மகனுடன் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறோம். போனில் ஆடியோ வழிகாட்டி இருந்தால் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். ஆனால் கிளம்பும் முன்பே வைஃபையில் முழுசாக டவுன்லோடு செய்துவிடுங்கள், மலைக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. ஜிபிஎஸ்ஸுக்கு அது தேவையில்லை என்பதால் கார் ஒவ்வொரு இடத்தையும் நெருங்கும்போது பேச்சு தானாகவே ஆரம்பிக்கும். 1933-இல் திறந்த 'கோயிங் டு த சன்' சாலை சுமார் 80 கிலோமீட்டர். அதில் வீப்பிங் வால் என்ற இடத்தில் பாறைச்சுவர் நெடுகத் தண்ணீர் வழிந்து, சுவரை ஒட்டி இறங்கி வருகிற கார்கள் மேலேயே தெறிக்கும். அங்கே ஆடியோவை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும்! அப்புறம், 6,646 அடி உயர லோகன் கணவாயில் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும், விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள்.