ஆழம் குறைந்த நீரில் மோடம் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எங்கள் நீரடி ரோபோவின் ஒலி மோடம் (ஒலியலைகளால் செய்தி அனுப்பிப் பெறும் கருவி), ஆழமான நீரில் படகுக்கு நேர் கீழே இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. 8 மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் 400 மீட்டர் தள்ளிப் போனால் பாதிச் செய்திகள் வருவதில்லை. ஒலியைக் கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். உங்கள் சிக்கல் அநேகமாக அந்த எதிரொலிதான்.

நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகிறது. இரு மோடங்களும் நடு ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பிலும் தரையிலும் மாறி மாறிப் பத்து முறை பட்டு வரும் ஒலி, நேராக வருவதைவிட 8 மீட்டர் அதிகம் பயணித்து, 5 மில்லிவினாடி பிந்தி வந்து சேரும். வினாடிக்கு 5000 குறியீடுகள் (செய்தியைச் சுமக்கும் சிறு ஒலித் துண்டுகள்) அனுப்பினால், அதற்குள் இருபத்தைந்து குறியீடுகள் கடந்துவிடும். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. நேர் கீழே இருக்கும்போது இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆகவே முதலில் வேகத்தைக் குறையுங்கள். அதிர்வெண் தாவும் முறை உங்கள் மோடத்தில் இருந்தால் அதற்கு மாறுங்கள்: ஓர் அதிர்வெண்ணின் எதிரொலி அடங்கும்வரை வேறு அதிர்வெண்களில் பேசும் முறை அது. நீரடித் தொடர்புக்கான நேட்டோ தரநிலையான ஜானஸ் இப்படித்தான் இயங்குகிறது. வேகம் வினாடிக்கு வெறும் 80 பிட். குறைவுதான், ஆனால் இடம், பேட்டரி நிலை, 'மேலே வா' என்ற கட்டளை ஆகியவற்றுக்கு அது தாராளம். படங்களை ரோபோவிலேயே சேமித்துக்கொள்ளலாம்.

செய்திகளைச் சுருக்கமாக வையுங்கள். ரோபோ வினாடிக்கு 1.5 மீட்டர் நகர்ந்தாலே டாப்ளர் விளைவால் (நகர்வதால் அதிர்வெண் மாறித் தெரிவது) 25 கிலோஹெர்ட்ஸ் அலை 25 ஹெர்ட்ஸ் விலகும். செய்தி நீள நீள நேரக்கணக்கும் பிசகும். முக்கியமான கட்டளை போகும்போது ரோபோவை நிறுத்திவிடுவது நல்லது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்படி அமைக்கும்போது, ஒலி போய்வர மட்டுமே அரை வினாடிக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வெப்பக் கடலோரம் என்றால் கொடுக்கைச் சொடுக்கும் இறால்களின் இரைச்சலும் சேரும். அது விட்டுவிட்டு வெடிப்பது; பிழையைத் திருத்த உதவும் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து, பிட்டுகளின் வரிசையைக் கலைத்து அடுக்கி அனுப்பினால் சமாளிக்கலாம்.

அப்புறம், படகின் மோடத்தை அடிப்பகுதியை ஒட்டிக் கட்டாதீர்கள். குமிழிகளும் இன்ஜின் சத்தமும் அங்கேதான் அதிகம். எடை கட்டி நடு ஆழத்துக்கு இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மற்ற மாற்றங்களை அதற்குப் பிறகு தொடங்கலாம்.